சண்டை போடாத அக்கா

"அதப் படிக்காத" என்றாள் அக்கா.

நான் நிமிர்ந்து பார்த்தேன். காதில் விழுந்தது சரிதானா என்று எனக்குச் சந்தேகம்.

கடம்பத்தூரில் எங்கள் வீட்டுக் கூடம். மத்தியான வெயில் ஓட்டுச் சந்து வழியாக இறங்கித் தரையில் வட்டம் வட்டமாகக் கிடந்தது. அக்கா முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நான் சுவரில் சாய்ந்து, இரும்புச் சட்டம் மாட்டிய வலது காலை நீட்டிப்போட்டு, ஒரு புத்தகத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தேன். புதிதாக ஒரு பக்கத்தைத் திருப்பி அதன் தலைப்பை மட்டும்தான் படித்திருந்தேன்.

"இன்னா சொன்ன?"

"அந்தப் பக்கம் வாணாம். வேற பக்கம் படி."

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அக்கா என்னிடம் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது இருக்கும். எனக்கு எட்டோ ஒன்பதோ. கேட்டால் கொடுப்பாள். பிடுங்கினால் விட்டுவிடுவாள். அடித்தால் வாங்கிக்கொள்வாள். அப்படிப்பட்டவள் வேண்டாம் என்கிறாள் என்றால் அந்தப் பக்கத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது. உடனே அதே பக்கத்தை இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த வயதில் வேறென்ன தோன்றும்?

எனக்கு வந்த காய்ச்சல்

நாலு வயதில் எனக்கு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வலது காலின் பலத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டது. சொட்டு மருந்தெல்லாம் எங்கள் பக்கம் வந்து சேராத காலம். தெருவுக்கு ஒரு பிள்ளையாவது என்னைப் போல இருக்கும். வீட்டுக்கு வந்த டாக்டர் "இளம்பிள்ளை வாதம்" என்றார். பிறகு பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் காலுக்கு இரும்புச் சட்டமும் தோல் வாரும் செய்து கொடுத்தார்கள். நடந்தால் கிணிங் கிணிங் என்று சத்தம் வரும். நான் வருவது நாய்க்குக்கூட முன்கூட்டியே தெரிந்துவிடும்.

என் கதை அவ்வளவுதான். இதில் அழுவதற்கு எனக்கு அதிகம் இருந்ததாக ஞாபகம் இல்லை. கால் நன்றாக இருந்த நாட்களே நினைவில் இல்லாதபோது எதை நினைத்து அழுவது?

அக்காவின் கதைதான் சிக்கலாகிப் போனது. அந்தக் காய்ச்சலுக்கு முன்னால் அவள் ஊரறிந்த சண்டைக்காரியாம். "வாயத் தொறந்தா மூட மாட்டாடா இவ. கெணத்தாண்ட இவளப் பாத்தா பெரிய பொம்பளைங்களே ஒதுங்கிப் போவாங்க" என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். காய்ச்சலுக்குப் பிறகு அந்த வாய் மூடிக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்கு என்னை இடுப்பில் தூக்கிப் போனாள். சட்டம் வந்த பிறகு கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். தட்டில் இருக்கும் வடையில் பெரியதை என் பக்கம் தள்ளினாள்.

அம்மா இதைப் பொறுப்பு என்று நினைத்தாள். வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் "தங்கமான பொண்ணு" என்று புகழ்ந்துவிட்டு நாஷ்டா சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

எனக்குத்தான் அது பேஜாராக இருந்தது. தெருவில் மற்றப் பையன்கள் அக்கா தங்கைகளோடு கட்டிப் புரண்டார்கள். நான் அக்காவின் ரிப்பனை ஒளித்து வைத்தால் அவள் தேடாமல் நூல் கட்டிக்கொண்டு போவாள். ஒரு தடவை அவளுடைய பாவாடையில் வேண்டுமென்றே இங்க்கைக் கொட்டினேன். "பரவால்ல, நான் தொவச்சிக்கிறேன்" என்றாள். ஜெயிப்பதற்கு எதிராளி என்று ஒருவர் வேண்டாமா?

அந்த வருஷம் அவள் எட்டாவது முடித்திருந்தாள். உள்ளூர்ப் பள்ளிக்கூடம் எட்டோடு சரி. மேலே படிக்க ரயிலேறித் திருவள்ளூர் போக வேண்டும். நன்றாகப் படிக்கிற பெண் என்று அவளுடைய டீச்சரே வீடு தேடி வந்து சொல்லிவிட்டுப் போனார். அப்பாவுக்கும் ஆசைதான். அவரை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம்.

அக்காதான் முடியாது என்றாள்.

"நா போவல நைனா. துரையப் பாத்துக்கினு ஊட்லயே இருக்கேன்."

"நாளைக்கும் பாத்துக்கினே இருப்பியா?"

"இருப்பேன்."

துரை நான்தான். ஏன் என்று கேட்டால் பதில் வராது. சேர்க்கை முடிய இன்னும் சில நாட்களே இருந்தன. அதற்குள் அவள் மனசு மாறாவிட்டால் அவளுடைய படிப்பு கடம்பத்தூரோடு முடிந்துவிடும். இது எனக்கே புரிந்திருந்தது. அவள் படிப்பு நிற்பதற்கு நான்தான் காரணம் என்பதும் புரிந்திருந்தது. ராத்திரியில் சட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தால், அதை எங்காவது குளத்தில் போட்டுவிடலாமா என்றிருக்கும்.

காலைத் தூக்கிய சாமி

இங்கே ஒரு கோயிலைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

என் காலுக்காக அம்மா வேண்டாத சாமி இல்லை. பக்கத்தில் திருவாலங்காடு இருக்கிறதே, அங்கே அடிக்கடி போவோம். அங்கே நடராசர் ஒரு காலைத் தலைக்கு மேலே தூக்கி ஆடுகிற கோலம். முதல் தடவை பார்த்தபோது நான் அம்மாவிடம் கேட்டேன்.

"இவரே ஒத்தக் கால்ல நிக்கிறாரும்மா. இவராண்ட போயி காலு கேட்டா இன்னா குடுப்பாரு?"

அம்மா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கும் சேர்த்து என் கன்னத்திலும் போட்டாள். அக்காவும் போட்டுக்கொண்டாள். எல்லாரும் நாலைந்து தடவையில் நிறுத்திவிட்டுத் திருநீறு வாங்கப் போய்விட்டார்கள். அவள் நிறுத்தவில்லை. கன்னம் சிவக்கச் சிவக்கப் போட்டுக்கொண்டே நின்றாள். "பொண்ணுக்கு எவ்ளோ பக்தி பாரு" என்றாள் ஒரு அம்மாள். கன்னத்தில் போட்டுக்கொள்வது மன்னிப்புக் கேட்பதற்கு என்று எல்லாருக்கும் தெரியும். இவள் எதற்கு இத்தனை மன்னிப்புக் கேட்கிறாள் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

இதுவரை எழுதியதை அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அரிசின்னு எழுதிக்கிறியே, அன்னிக்கி நான் பொறுக்குனது உளுந்துடா. உனக்கு எதத்தான் ஒழுங்கா ஞாபகம் இருக்குது?" என்றாள். அரிசிதான். மாற்ற மாட்டேன்.

எங்கள் வீட்டுக் கோர்ட்டு

நைனா திருவள்ளூர் முன்சீப் கோர்ட்டில் ஒரு வக்கீலுக்குக் குமாஸ்தா. காலை வண்டியில் போய்ச் சாயங்கால வண்டியில் வருவார். கோர்ட்டு அவரோடு வீட்டுக்கும் வந்துவிடும். எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் "மனு போடு" என்பார். அம்மா மறுத்ததை அவரிடம் கேட்டால் "அப்பீலா?" என்பார். நாங்கள் எதிர்த்துப் பேசினால் "என்னாண்ட வாதம் பண்ணாத" என்பார். அவரிடமிருந்து இது அம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது. கிணற்றடியிலிருந்தே "இன்னாடி அங்க வாதம்?" என்று கத்துவாள்.

ஆக, எங்கள் வீட்டில் வாதம் என்றால் ஒரே அர்த்தம்தான். சண்டை.

நைனாவுக்கு இருந்த இன்னொரு பழக்கம் லைப்ரரி. தனக்குத் துப்பறியும் கதை, எனக்கு ஏதாவது ஒன்று என்று எடுத்து வருவார். காலை நீட்டிக்கொண்டு கிடக்கிற பையனுக்குப் புத்தகத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது? வேர்க்கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூட நான் விடமாட்டேன்.

ஒரு நாள் வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று அவசரத்தில் எடுத்து வந்த புத்தகத்துக்கு அட்டையே இல்லை. உள்ளே கதையும் இல்லை. பிள்ளைகளுக்கு வரும் நோய்கள், அவை ஏன் வருகின்றன, தாய்மார்கள் என்ன செய்ய வேண்டும் என்று போய்க்கொண்டிருந்தது.

"அட, மாறிப்போச்சுடா. நாளைக்கி மாத்திக்கினு வரேன்" என்றார் நைனா. மறுநாள் கொண்டுபோக மறந்துவிட்டார். அந்த மறதிக்கு நான் இன்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

அச்சில் வந்த வியாதி

அம்மை, கக்குவான் எல்லாவற்றையும் தாண்டி வந்து பார்த்தால், பெரிய எழுத்தில் 'இளம்பிள்ளை வாதம்' என்று போட்டிருந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் வியாதி அச்சில் வந்திருக்கிறது! அதைத்தான் உரக்கப் படித்தேன். அதற்குத்தான் அக்கா படிக்காதே என்றாள்.

நான் விடாமல் படித்தேன். கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமியால் இந்த நோய் வருகிறது. அசுத்தமான தண்ணீர் வழியாக வாய்க்குள் போகிறது. நரம்பைத் தாக்குகிறது. அதனால் கையோ காலோ செயலற்றுப் போகிறது. கூட இருக்கும் மற்றப் பிள்ளைகளைக் கிட்டே விடக்கூடாது, அவர்களுக்கும் தொற்றிவிடும்.

முறத்தின் சரசரப்பு நின்றுபோயிருந்தது.

"கடசீ வரிய திருப்பிப் படி" என்றாள் அக்கா.

படித்தேன்.

"மத்தப் புள்ளைங்களுக்கும் வந்துடும்னா போட்டுக்குது?"

"ஆமா."

"அதுக்காவதான் கிட்ட வுட வாணாம்னு சொல்றாங்களா? வேற எதுக்கும் இல்லியா?"

"போட்டுக்குதே. நீயே பாரு."

அவள் வந்து பார்த்தாள். விரல் வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். பிறகு என் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள். அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது.

"அப்ப சண்டையால வர்றது இல்லியாடா?"

"எந்த சண்ட?"

"வாதம்னா சண்டதான? நைனா சொல்றாரே?"

கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். எனக்குக் காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் நாங்கள் இரண்டு பேரும் ஒரு பனங்கிழங்குக்காகப் பெரிய சண்டை போட்டிருக்கிறோம். மறுநாள் நான் படுத்துவிட்டேன். சில நாளில் கால் துவண்டதும் டாக்டர் வந்தார், அதைத் தூக்கிப் பார்த்தார், "இளம்பிள்ளை வாதம்" என்றார். பிறகு கதவோரம் நின்ற அக்காவைத் திரும்பிப் பார்த்து, "இந்தப் பொண்ண இவன்கிட்ட விடாதீங்க" என்றார்.

நின்றிருந்தவளுக்கு வயது எட்டோ ஒன்பதோ. இளம்பிள்ளை என்றால் தம்பி. வாதம் என்றால் பனங்கிழங்குக்குப் போட்ட சண்டை. யாருக்கும் சொல்லாததை டாக்டர் கண்டுபிடித்துவிட்டார். இப்போது அம்மா அடிப்பாள், நைனா அடிப்பார் என்று காத்திருந்தாள். ஒருவரும் அடிக்கவில்லை. அதற்குப் பதிலாகத் தானே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டாள். இனி யாரோடும் வாதம் கிடையாது. தம்பியின் காலுக்குப் பதில் தன் கால். அவன் போக முடியாத இடத்துக்குத் தானும் போவதில்லை.

"நா உங்கூட வாதம் பண்ணதாலதான் உனக்கு அது வந்துச்சின்னு நெனச்சேன்டா."

நான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முக்கியமான கேள்விக்கு வந்தேன்.

"அந்தப் பனங்கெழங்க யாரு துன்னது?"

"நாந்தான்."

"முழுசாவா?"

"முழுசா."

"அடிப்பாவி" என்றேன். அழுகைக்கு நடுவே அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள்.

நைனாவின் தீர்ப்பு

ஆனாலும் அவளுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. அட்டையில்லாத புத்தகத்தை எவ்வளவு தூரம் நம்புவது? சாயங்கால வண்டியில் வந்த நைனா செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள்.

"நைனா, வாதம்னா இன்னா?"

நைனா ஜம்மென்று ஆரம்பித்தார். "வாதமா? ஒரு கட்சிக்காரன் தன் நியாயத்த கோர்ட்ல எடுத்துப் பேசறது. எதிர்க்கட்சி பேசுனா பிரதிவாதம். ரெண்டும் சேந்தா வழக்கு."

அக்காவின் முகம் செத்துப்போய்விட்டது. நான் சட்டம் கிணிங்கிடக் குதித்தேன்.

"அந்த வாதம் இல்ல நைனா! என் காலு வாதம்! என் காலு!"

"அதுவா? அது வியாதிடா. கை காலு வெளங்காம போனா அதுக்கும் வாதம்னுதான் பேரு. இதுக்கும் சண்டைக்கும் இன்னா சம்மந்தம்?"

சம்பந்தத்தை நான்தான் சொன்னேன். அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நைனா சட்டையைக்கூடக் கழற்றாமல் தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியை எடுத்து வேட்டி நுனியில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"இந்தாம்மா, இங்க வா" என்று அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். "கோர்ட்ல இது மாதிரி நடக்கும். ஒரே ஊர்ல ஒரே பேர்ல ரெண்டு ஆளு இருப்பான். சம்மன் ஒருத்தனுக்கு, ஆனா கோர்ட்டு அமீனா போயி இன்னொருத்தன் ஊட்ல குடுத்துட்டு வந்துடுவான். அந்த ஆளு இன்னா தப்பு பண்ணோம்னு தெரியாம நடுங்கிக்கினு வந்து நிப்பான். ஜட்ஜு பாத்துட்டு, நீ இல்லப்பா, ஊட்டுக்குப் போன்னுடுவாரு. உனக்கு வந்தது தப்பு சம்மன்டி. நீ இல்ல. ஊட்டுக்குப் போ."

அம்மா அடுப்படியிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அக்காவை இழுத்துக் கட்டிக்கொண்டு அழுதாள். அழுதுகொண்டே திட்டவும் செய்தாள்.

"இத்தினி வருசம் நெஞ்சுல வெச்சிக்கினு இருந்தியேடி! வாயத் தொறந்து ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

"கேட்டா வாதம் பண்ணாதன்னு சொல்லுவியேம்மா" என்றாள் அக்கா.

அதற்குப் பிறகு அந்தச் சொல்லை அவள் எங்களிடம் பயன்படுத்தியதில்லை.

கும்மிடிப்பூண்டிக் காக்கா

அக்கா பிறகு டீச்சரானாள். எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். சவுக்குத் தோப்பாகக் கிடந்த இடங்களில் தொழிற்சாலைகள் எழும்பிக்கொண்டிருந்த காலம். நேற்றுவரை வயல் வேலைக்குப் போனவர்கள் சைரன் சத்தத்துக்கு ஓட ஆரம்பித்திருந்தார்கள். அவர்கள் பிள்ளைகளும், பழவேற்காட்டு ஏரிப் பக்கத்து மீன்காரப் பிள்ளைகளும் அவளிடம் படித்தார்கள்.

வகுப்பில் ஒரு தகரப் பெட்டி நிறையப் புத்தகம் வைத்திருந்தாள். யார் வீட்டிலாவது கால் வராத, பேச்சு வராத, புத்தி வளராத பிள்ளை இருக்கிறது என்று தெரிந்தால், அந்தப் பிள்ளையின் அண்ணனையோ அக்காவையோ தனியாக உட்காரவைத்துப் படித்துக் காட்டுவாள். படிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். "அதுக்கு உங்க ஊட்ல இன்னா பேரு சொல்றாங்க? அந்தப் பேருக்கு இன்னா அர்த்தம்னு நீ நெனைக்கிற?"

பூங்காவனம் என்று ஒரு பெண். ஏரிக்கரைப் பிள்ளை. காக்காவைக் கண்டால் போதும், கல்லெடுத்து அடிப்பாள். மத்தியானச் சோற்று நேரத்தில் மற்ற டீச்சர்கள் தலையைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. கண்டித்துப் பார்த்தார்கள், முட்டி போடவைத்தார்கள். அக்கா தன்னுடைய கேள்வியைக் கேட்டாள்.

"எந் தம்பிக்கு காக்கா வலிப்பு டீச்சர்" என்றாள் பூங்காவனம். "காக்கா எதுவும் எங்க ஊட்டாண்ட வராம பாத்துக்கினா அவனுக்கு வராது. நா ஸ்கூலுக்கு வந்துட்டா யாரு பாத்துக்கிறது?"

அக்கா பெட்டியைத் திறந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். வலிப்பு தலைக்குள்ளே மூளையில் வருகிற கோளாறு, அதில் பறவைக்கு ஒரு வேலையும் இல்லை என்று இருந்த இடத்தைப் பூங்காவனத்தையே படிக்கவைத்தாள். வலிப்பு வந்தால் தம்பியை எப்படி ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்றும் அதிலேயே இருந்தது. அந்தப் பெண் இரண்டு தடவை படித்தாளாம். பிறகு பெருமூச்சு விட்டுவிட்டு, "அப்ப காக்காவுக்கு சோறு வெக்கலாமா டீச்சர்?" என்றாளாம்.

தம்பியை நன்றாகப் பார்த்துக்கொள் என்று மட்டும் அக்கா எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டாள். "அத சொல்லத்தான் ஊரே இருக்குதே" என்பாள்.

திருவள்ளூர் வண்டி

கடம்பத்தூருக்குத் திரும்புகிறேன். சேர்க்கை முடிவதற்குள் நைனா அக்காவைத் திருவள்ளூருக்குக் கூட்டிப் போனார். அம்மாவும் நானும் கூடப் போனோம். இனிமேல் பள்ளிக்கூடத்துக்கு நானே நடந்து போய்க்கொள்கிறேன் என்று வீம்பாகச் சொல்லிவிட்டிருந்தேன். அக்கா புதுத் தாவணி கட்டியிருந்தாள். அவளுக்கு அது கொஞ்சம் நீளம்.

வண்டியில் அக்கா முதலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்கு" என்றேன். பழக்கம்தான். கேட்டால் கிடைத்துவிடும்.

அக்கா எழுந்திருக்கவில்லை.

"மாட்டேன்."

"அம்மா! பாரும்மா!"

"குடுத்துடேன்டி. காலு முடியாத புள்ள" என்றாள் அம்மா.

"உக்காரத்தான் எடம் இருக்குதேம்மா. ஜன்னல்ல கண்ணாலதான பாக்கணும்? அவன் கண்ணுக்கு இன்னா கேடு? போவும்போது நானு, வரும்போது அவன்."

நான் அவள் கையைக் கிள்ளினேன். அவள் திருப்பிக் கிள்ளினாள். என்னைவிடப் பலமாகவே கிள்ளினாள். பெட்டியே திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் ஓலமிட்டேன். அம்மா அக்கா மேல் கையை ஓங்கினாள். நைனா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விடு. அக்காவும் தம்பியும் சண்ட போடறாங்க."

அக்கா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். காற்றில் தாவணி பறந்து என் முகத்தில் அடித்தது. நான் அழுதுகொண்டே கையைப் பார்த்தேன். கிள்ளிய இடம் சிவந்து தடித்திருந்தது. தெருவில் எல்லாப் பையன்களுக்கும் இருந்த மாதிரி எனக்கும் ஓர் அக்கா வந்துவிட்டாள்.